மூன்றாம் தரப்பு: வாவிக்கரை வீதிகளில் ஒரு காப்புறுதிப் பத்திரத்தின் வரலாறு

வாகனம் வைத்திருக்கும் ஒருவரிடம் என்ன காப்புறுதி செய்திருக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். “முழுக் காப்புறுதி” என்று சிலர் சற்றுப் பெருமையோடு சொல்வர். மற்றவர்கள் “தேர்ட் பார்ட்டிதான்” என்பர். அந்தத் ‘தான்’ என்ற இடைச்சொல்லிலேயே அவர்களது எண்ணம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அது மலிவானது, வாகன வரி அனுமதிப்பத்திரம் எடுப்பதற்கும் வீதியில் பொலிஸார் மறித்தால் காட்டுவதற்கும் தேவையான ஒரு காகிதம், அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அந்த மூன்றாம் தரப்பு யார்? காப்புறுதி ஓர் ஒப்பந்தம். பணம் கட்டும் வாகன உரிமையாளர் ஒரு தரப்பு. பணத்தைப் பெற்றுக்கொண்டு பொறுப்பேற்கும் நிறுவனம் இன்னொரு தரப்பு. மூன்றாவது ஆள் அந்த ஒப்பந்தத்தில் கையொப்பம் இடாதவர். அப்படியொரு பத்திரம் எழுதப்பட்டிருப்பதையே அறியாதவர். சைக்கிளில் வலையைக் கட்டிக்கொண்டு வீதியோரமாகப் போகும் மீனவர். பாடசாலை விட்டு வரும் சிறுமி. சந்தையில் மரக்கறி விற்றுவிட்டு இருட்டில் வீடு திரும்பும் தாய். சட்டம் கட்டாயப்படுத்துவது இவர்களுக்கான காப்புறுதியை மட்டுமே. உரிமையாளர் தமது வாகனத்தைக் காப்பாற்றிக்கொள்வதும் கொள்ளாததும் அவரது விருப்பம்.

வாகனத்தில் செல்பவரைவிட வீதியில் நடப்பவரை முன்வைத்த இந்த ஏற்பாடு எப்படித் தோன்றியது, மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் அது எப்படி வந்தது, வந்தபின் உரியவர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

கோட்டையோடு வந்த சட்டம்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் காடும் குளங்களுமாக விரிந்து கிடப்பது படுவான்கரை. ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்லாறு போன்ற ஊர்கள் ஒரு கரையில். கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, வவுணதீவு மறு கரையில். வீடு இக்கரையிலும் வயல் அக்கரையிலுமாக வாழ்ந்த குடும்பங்கள் ஏராளம். தோணியும் வள்ளமும் மாட்டு வண்டியுமே நெடுங்காலம் அவர்களது போக்குவரத்துச் சாதனங்களாக இருந்தன.

ஒருவரின் கவனயீனத்தால் இன்னொருவருக்கு நேரும் கேட்டுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி மோட்டார் வண்டியைவிட மிகப் பழையது. இலங்கையில் இன்றும் அதற்கு விடை சொல்வது உரோமன் டச்சுச் சட்டமாகும். ஒல்லாந்தர் 1638 ஆம் ஆண்டு போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றினர். இத்தீவில் அவர்களுக்கு வசமான முதல் கோட்டைகளுள் அதுவும் ஒன்று. அவர்களது ஆட்சியில் கரையோர மாகாணங்களுக்கு வந்த சட்டத்தைப் பின்னர் வந்த பிரித்தானியர் 1799 ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் தொடர்ந்து நிலைக்க விட்டனர்.

அந்தச் சட்டத்தின் வேர் கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் இயற்றப்பட்ட ‘லெக்ஸ் அக்குயிலியா’. பிறரது அடிமையையோ கால்நடையையோ தவறாகக் கொன்றவன் அதன் பெறுமதியைச் செலுத்த வேண்டும் என்று சொன்ன சட்டம் அது. பிற்கால ஒல்லாந்து நீதியறிஞர்கள் இதை விரிவாக்கினர். உழைப்பவர் கொல்லப்பட்டால், அவரை நம்பி வாழ்ந்த மனைவியும் பிள்ளைகளும் இழந்த ஆதரவுக்கு நட்டஈடு கேட்கலாம் என்ற கோட்பாடு அவர்கள் வழியே நிலைபெற்றது. களுவாஞ்சிக்குடியில் இன்று ஒருவர் லொறி மோதி இறந்தால், அவரது மனைவி மாவட்ட நீதிமன்றத்தில் தொடுக்கும் வழக்கின் அடிப்படை இதுதான்.

இந்தப் பூர்விகம் இரண்டு விளைவுகளைக் கொண்டுவந்தது. முதலாவது, மோதியவரின் தவறு நிரூபிக்கப்பட வேண்டும். இரண்டாவது, கணக்கிடப்படுவது பொருள் இழப்பு. காயப்பட்டவர் தமது வைத்தியச் செலவுக்கும் இழந்த சம்பாத்தியத்துக்கும் பட்ட வேதனைக்கும் கேட்கலாம். இறந்தவரின் குடும்பத்தினர் தாம் இழந்த ஆதரவுக்குக் கேட்கலாம். அவர்களது துயரத்துக்கு விலை இல்லை. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோருக்கு அன்பையும் உறவையும் இழந்தமைக்காக நட்டஈடு கிடையாது என்பதை 2001 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், மருத்துவக் கவனயீனம் பற்றிய பிரபலமான வழக்கொன்றில் மீண்டும் உறுதிப்படுத்தியது. மோட்டார் விபத்துக்கும் அடிப்படைக் கோட்பாடு அதுவே.

மட்டக்களப்பின் குடும்ப அமைப்பை அறிந்தவர்களுக்கு இதன் தாக்கம் நன்கு புரியும். இப்பகுதியில் வழங்கிய முக்குவர் சட்டம் தாய்வழி உரிமையைப் போற்றியது. 1876 ஆம் ஆண்டின் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டத்தின் பின்னர் அது வழக்கிழந்தது. ஆயினும் வீடு பெண்பிள்ளைக்கே என்ற வழமை மாறவில்லை. எனவே கணவன் இறந்தால் மனைவி வீட்டை இழப்பதில்லை. இழப்பது நாளாந்த உழைப்பை. சட்டம் கணக்கிடுவதும் அதைத்தான். ஆனால் கூலிக்குப் போனவருக்கும் தோணியில் போனவருக்கும் சம்பளச் சீட்டு ஏது?

வெற்றுத் தீர்ப்பு

1896 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17 ஆம் திகதி இலண்டன் கிறிஸ்டல் பலஸ் திடலில் பிரிட்ஜெட் டிரிஸ்கோல் என்ற பெண்மணி மோட்டார் வண்டி மோதி இறந்தார். பிரித்தானியாவில் அவ்வாறு உயிரிழந்த முதலாவது பாதசாரி அவரே எனக் கூறப்படுகிறது. விபத்து மரணம் எனத் தீர்ப்பாயிற்று. எவர் மீதும் வழக்கில்லை. 34 ஆண்டுகள் கழித்து, 1930 இல், அந்நாட்டில் வீதி விபத்துகளில் இறந்தோர் தொகை 7,305 ஆக இருந்தது. வீதிகளில் அப்போது ஓடிய வாகனங்கள் ஏறத்தாழ 23 இலட்சம்.

அக்காலத்தில் பாதிக்கப்பட்டவர் வழக்காடி வென்றாலும் பணம் கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. மோதியவர் செல்வந்தராக இருந்தால் கிடைக்கும். கடனுக்கு வண்டி வாங்கியவராக இருந்தால் தீர்ப்பைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். காப்புறுதி இருந்தபோதிலும், அது உரிமையாளருக்கும் நிறுவனத்துக்கும் இடைப்பட்ட விவகாரம். உரிமையாளர் வங்குரோத்து அடைந்தால் காப்புறுதிப் பணம் அவரது கடன்காரர்களுக்குப் பங்கிடப்படும். கால் இழந்தவரும் அந்த வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும்.

இந்த அநீதியைத் திருத்தவே 1930 ஆம் ஆண்டு பிரித்தானியப் பாராளுமன்றம் இரண்டு சட்டங்களை இயற்றியது. வீதிப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. உரிமையாளர் வங்குரோத்து அடைந்தால் பாதிக்கப்பட்டவர் நேரே காப்புறுதி நிறுவனத்தை நாடலாம் என்றது மற்றைய சட்டம். நான்கு ஆண்டுகளின் பின் 1934 இல் இன்னொரு முக்கியமான படி வைக்கப்பட்டது. வாகன உரிமையாளருக்கு எதிராகத் தீர்ப்புக் கிடைத்துவிட்டால், அந்தத் தொகையைச் செலுத்தும் கடமை காப்புறுதி நிறுவனத்தின் மீதே விழும். உரிமையாளரோடு தனக்கிருக்கும் பிணக்கை நிறுவனம் பின்னர் தீர்த்துக்கொள்ளலாம். மூன்றாம் தரப்பை அதற்காகக் காக்க வைக்க முடியாது.

ஒப்பந்தத்தில் இல்லாத ஒருவருக்கு ஒப்பந்தத்தின் பயனைக் கொடுத்தது, சட்ட வரலாற்றில் சாதாரண மாற்றமன்று.

கல்லடிப் பாலம் கண்ட வாகனங்கள்

இதே காலப்பகுதியில்தான் மட்டக்களப்பும் மோட்டார் யுகத்தினுள் நுழைந்தது. தேசாதிபதி சேர் வில்லியம் மானிங்கின் மனைவியார் பெயரால் அமைந்த கல்லடிப் பாலம் 1924 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஒரே நேரத்தில் ஒரு திசையில் மட்டுமே வாகனம் செல்லக்கூடிய இரும்புப் பாலம் அது. 1928 இல் புகையிரதமும் வந்தது. தோணித்துறைகளை நம்பியிருந்த நகரம் வீதியை நம்பத் தொடங்கியது.

இலங்கையில் கட்டாய மூன்றாம் தரப்புக் காப்புறுதி 1938 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்க மோட்டார் கார் கட்டளைச் சட்டத்தின் மூலம் வந்தது. பிரித்தானியாவின் 1930, 1934 ஆம் ஆண்டு ஏற்பாடுகள் இரண்டும் அதில் இணைத்து எழுதப்பட்டன. சுதந்திரத்தின் பின்னர் அதன் இடத்தைப் பிடித்தது 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனப் போக்குவரத்துச் சட்டம். பல தடவைகள் திருத்தப்பட்டாலும் இன்றும் நடைமுறையில் உள்ளது அதுவே.

அதன் 99 ஆம் பிரிவு காப்புறுதியின்றி வாகனத்தை வீதியில் பயன்படுத்தக்கூடாது என்கிறது. 105 ஆம் பிரிவு தீர்ப்புத் தொகையைச் செலுத்தும் கடமையை நிறுவனத்தின் மீது சுமத்துகிறது. இவ்விரண்டையும் வாசிப்பவர் மனம் நிறைவார். ஆனால் அடுத்து வரும் 106 ஆம் பிரிவில் ஒரு பூட்டு இருக்கிறது. வழக்குத் தொடுப்பதற்கு முன்னரோ, தொடுத்து ஏழு நாட்களுக்குள்ளோ காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தல் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். கொடுக்கவில்லையென்றால், வழக்கில் வென்றாலும் நிறுவனம் அந்தக் கடமையிலிருந்து விடுபடுகிறது. மீண்டும் 1930 க்கு முந்திய நிலைதான்: உரிமையாளரின் கையைப் பார்த்து நிற்க வேண்டும்.

இதனோடு இன்னொரு பழைய சட்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, தவறினால் நேர்ந்த இழப்புக்கான வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். பொலிஸ் வழக்கு முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று காத்திருப்பவர்கள் பலர். நீதவான் நீதிமன்ற வழக்கு மூன்றாவது ஆண்டில் முடியும்போது, மாவட்ட நீதிமன்றத்தின் கதவு அவர்களுக்கு மூடப்பட்டிருக்கும்.

சட்டத்தின் கட்டாயம் எல்லாவற்றையும் தழுவியதும் அன்று. அது உயிருக்கும் உடலுக்குமானது; உடைந்த மதிலும் நசுங்கிய சைக்கிளும் அதனுள் அடங்கா. சொத்துச் சேதத்தையும் கட்டாயமாக்கப் பிரித்தானியாவுக்கே 1980களின் இறுதிவரை காலம் எடுத்தது. மேலும், வீதியில் நடப்பதே சட்டத்தின் அக்கறை. சூடு மிதிக்கும் களத்தில் உழவு இயந்திரத்தின் கீழ் அகப்பட்டவர் அந்தக் கட்டாயத்தின் எல்லைக்கு வெளியே நிற்கிறார்.

பயணிகளின் நிலை இன்னும் சிக்கலானது. 1930 ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டம், கட்டணம் செலுத்தியோ தொழில் நிமித்தமோ செல்லும் பயணிகளைத் தவிர மற்றையோரைக் கட்டாயக் காப்புறுதியிலிருந்து விலக்கி வைத்தது. அந்த விலக்கை அந்நாடு 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நீக்கியது. இலங்கைச் சட்டமோ அந்தப் பழைய வார்ப்பில் ஊற்றப்பட்டது. வேளாண்மை வெட்டுக் காலத்தில் உழவு இயந்திரத்தின் பெட்டியில் நெல் மூட்டைகளின் மேல் அமர்ந்து வருவோரும், கோயில் திருவிழாவுக்கு ஊரோடு ஏறிப் போவோரும் படுவான்கரையில் நாள்தோறும் காணும் காட்சி. பெட்டி புரண்டால் அவர்களுள் யார் மூன்றாம் தரப்பு, யார் இல்லை என்பதை நீதிமன்றம்தான் பத்திரத்தின் வாசகங்களைப் பிரித்துப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். பத்திரமோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும்.

நியாயம் சொல்வதானால், சட்டம் ஓரிடத்தில் பாதிக்கப்பட்டவரின் பக்கம் நன்றாகவே சாய்ந்தது. முன்னர், அடிபட்டவரிடமும் சிறிது தவறு இருந்தால் அவர் அனைத்தையும் இழக்கும் அபாயம் இருந்தது. 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் அதை மாற்றியது. இப்போது தவறின் பங்குக்கு ஏற்ப நட்டஈடு குறையுமே தவிர, இல்லாமற் போகாது. விளக்கில்லாத சைக்கிளில் போனார் என்பதற்காக வழக்கே இல்லை என்று எவரும் சொல்ல முடியாது.

செய்தி முடியும் இடம்

பத்திரிகைத் தொழிலில் விபத்துச் செய்திகளுக்கு ஒரு நிரந்தர முடிவுவரி உண்டு: ‘பொலிஸார் மேலதிக விசாரணைகளை மேற்கொண்டு வருகின்றனர்.’ எத்தனையோ ஆண்டுகள் அந்த வரியோடு பக்கங்களை அச்சுக்கு அனுப்பியிருக்கிறோம். வாசகனுக்கு அங்கே செய்தி முடிந்துவிடும். குடும்பத்துக்கு அங்கேதான் எல்லாம் தொடங்குகிறது.

திடீர் மரண விசாரணை நடைபெறும். சாரதி நீதவான் முன் நிறுத்தப்படுவார். குற்றம் நிரூபிக்கப்பட்டால் தண்டிக்கப்படுவார். சாரதி அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்படலாம். தண்டப்பணம் அரசுக்குப் போகும். இது முழுவதும் அரசுக்கும் சாரதிக்கும் இடையிலான வழக்கு. குடும்பம் அதில் சாட்சி மாத்திரமே. நட்டஈட்டுக்கு அவர்கள் தனியாக மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க வேண்டும் என்பதை எவரும் எடுத்துச் சொல்வதில்லை. குற்றவியல் வழக்கு முடிந்ததும் ‘கேஸ் முடிந்துவிட்டது’ என்று எண்ணி அவர்கள் வீடு திரும்புவர்.

இடையில் சமாதானம் பேச ஆட்கள் வருவர். கோயில் வண்ணக்கரோ பள்ளிவாசல் நிர்வாகியோ ஊர்ப் பெரியவரோ முன்னின்று, செத்தவீட்டுச் செலவுக்கென்று ஒரு தொகையை வாங்கிக் கொடுப்பர். அவர்களது எண்ணம் பெரும்பாலும் நல்லதே. இரு தரப்பாரும் ஒரே வீதியில் முகம் பார்த்து வாழ வேண்டியவர்கள். வாகன உரிமையாளரும் பல வேளைகளில் மாதத் தவணை கட்ட முடியாத முச்சக்கர வண்டிக்காரரே. ஆனால் அந்தச் சமாதானத்தில் ஒரு தரப்பு எப்போதும் கலந்துகொள்வதில்லை: இதற்கென்றே ஆண்டுதோறும் கட்டணம் வாங்கிக்கொண்ட காப்புறுதி நிறுவனம். ஏழைக்கு ஏழை கொடுத்துத் தீர்க்கும் கணக்காக அது முடிந்துவிடுகிறது. ‘இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்’ என்ற வாசகத்தின் கீழ் விதவையின் கையொப்பமும் பெறப்பட்டிருக்கும்.

அரசின் கையிலிருந்து சந்தைக்கு

காப்புறுதித் தொழில் இலங்கையில் முதலில் வெளிநாட்டு, உள்நாட்டுத் தனியார் கம்பனிகளிடம் இருந்தது. 1961 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அரச காப்புறுதிக் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. 1964 முதல் வாகனக் காப்புறுதி உட்பட பொதுக் காப்புறுதி முழுவதும் அரசின் தனியுரிமையாயிற்று. 1980 அளவில் இரண்டாவது அரச நிறுவனம் ஒன்று சேர்ந்தது. 1986 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர், 1988 முதல் தனியார் நிறுவனங்கள் மீண்டும் களமிறங்கின. அரச நிறுவனம் 2003 இல் தனியாருக்கு விற்கப்பட்டது. 2009 இல் உச்ச நீதிமன்றம் அந்த விற்பனையைச் செல்லாததாக்கி அதனை மீண்டும் அரசிடம் ஒப்படைத்தது.

போட்டி பல நன்மைகளைக் கொண்டுவந்தது என்பதை மறுப்பதற்கில்லை. வாகனம் நசுங்கினால் ஒரு தொலைபேசி அழைப்பில் மதிப்பீட்டாளர் மோட்டார் சைக்கிளில் வந்து நின்று, வீதியிலேயே தொகையைத் தீர்மானிக்கும் முறை 2000களில் பரவியது. விளம்பரங்கள் அனைத்தும் அதைத்தான் பேசின. ஆனால் அந்த வேகம் பணம் கட்டிய வாடிக்கையாளருக்கானது. மூன்றாம் தரப்பு எவருக்கும் வாடிக்கையாளர் அல்லர். அவரைக் கவர எந்த நிறுவனமும் விளம்பரம் செய்ய வேண்டியதில்லை. முகப்பு விளக்குக்கு அரை மணி நேரம், முறிந்த காலுக்குப் பல ஆண்டுகள் என்ற விசித்திரக் கணக்கு அப்படித்தான் ஏற்பட்டது.

சட்டம் கடக்காத வாவி

1983 ஜூலை வன்செயல்களின் பின்னர் கலவரச் சேதங்களுக்குப் பொறுப்பேற்க வெளிநாட்டு மீள்காப்புறுதியாளர்கள் பின்வாங்கினர். 1987 இல் அரசு அதற்கெனத் தனி நிதியம் ஒன்றை அமைத்தது. வேலைநிறுத்தம், கலவரம், பயங்கரவாதம் ஆகியவற்றால் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு மேலதிகக் கட்டணம் செலுத்திப் பாதுகாப்புப் பெறும் முறை அவ்வாறு வந்தது. வாகனங்களுக்கும் கட்டிடங்களுக்கும் போர்க்காலத்தில் ஒரு வழி கண்டுபிடிக்கப்பட்டது என்பதைக் குறித்துக்கொள்வோம்.

மனிதர்களின் நிலை வேறு. படுவான்கரையின் பெரும்பகுதி 2007 ஆம் ஆண்டுவரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. வலையிறவுப் பாலத்தையோ மண்முனைத் துறையையோ கடப்பதென்றால் சோதனைச் சாவடிகளைக் கடக்க வேண்டும். பதிவு புதுப்பிக்கப்படாத மோட்டார் சைக்கிள்களும் உழவு இயந்திரங்களும் அங்கு ஓடின. அவற்றுக்குக் காப்புறுதி எங்கே? அக்கரையில் ஒருவர் அடிபட்டால், இக்கரையிலுள்ள நீதிமன்றத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுப்பது நடைமுறையில் இயலாத காரியம். சாட்சிகள் வரமாட்டார்கள், பொலிஸ் அறிக்கை இராது. 1951 ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் காலம் முழுவதும் ஏட்டில் நடைமுறையில்தான் இருந்தது. அது வாவியைக் கடக்கவில்லை, அவ்வளவே.

போர் முடிந்தபின் பாராளுமன்றம் 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில், ஆயுதக் குழுக்களின் நடவடிக்கைகளால் நீதிமன்றத்தை நாட முடியாதிருந்தவர்களுக்குக் காலவிதிப்பிலிருந்து சலுகை அளித்தது அச்சட்டம். ஆனால் அது காணி முதலிய அசையாச் சொத்துகளுக்கு மட்டுமே பொருந்துவது. பறிபோன நிலத்தை மீட்கக் கால அவகாசம் கிடைத்தது. அதே ஆண்டுகளில் வீதியில் பறிபோன கால்களுக்கும் உழைப்பாளிகளுக்கும் அது கிடைக்கவில்லை. அதைக் கேட்டு எவரும் குரல் எழுப்பியதாகவும் தெரியவில்லை.

புதிய பாலங்கள், பழைய பூட்டு

2013 மார்ச்சில் கல்லடியில் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டு, தலைமுறை தலைமுறையாக மக்களையும் வாகனங்களையும் அக்கரை சேர்த்த பாதைப் படகு ஓய்வு பெற்றது. இரண்டும் ஜப்பானிய உதவியால் அமைந்தவை. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் கோயிலுக்குப் போகப் படகுக்குக் காத்திருந்த காலம் போயிற்று. காபெட் வீதிகள் வந்தன. லீசிங் நிறுவனங்கள் வந்தன. வீட்டுக்கொரு மோட்டார் சைக்கிள் வந்தது. கூடவே வேகமும் வந்தது. நாடு முழுவதிலும் அண்மைய ஆண்டுகளில் வீதி விபத்துகளால் இறப்போர் தொகை ஆண்டுக்கு 2,000 க்கும் அதிகமாகவே இருந்து வருகிறது.

லீசிங் தவணை முடியும்வரை முழுக் காப்புறுதி கட்டாயம். முடிந்த மறு ஆண்டே ‘தேர்ட் பார்ட்டிதான்’. அதிலொன்றும் பிழையில்லை, பாதிக்கப்படுபவருக்குத் தேவையானது அதுவே. பிழை அந்தப் பணத்தை அடையும் வழியில் இருக்கிறது.

அயலில் இந்தியாவைப் பாருங்கள். அங்கும் 1939 ஆம் ஆண்டுச் சட்டம் பிரித்தானிய மாதிரியில்தான் பிறந்தது. ஆனால் 1956 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களுக்கு வழி செய்யப்பட்டது. காப்புறுதி நிறுவனம் அங்கே எதிர்த்தரப்பாக நேரே வந்து நிற்கிறது. 1982 இல் தவறை நிரூபிக்காமலே ஒரு குறைந்த தொகை பெறும் உரிமை சேர்க்கப்பட்டது. அன்று அது உயிரிழப்புக்கு 15,000 ரூபா. 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ஏற்பாட்டின்படி அது 5 இலட்சம் ரூபா. பிரித்தானியாவில் காப்புறுதியில்லாத வாகனங்களால் பாதிக்கப்பட்டோருக்கெனக் காப்புறுதியாளர்களே சேர்ந்து நடத்தும் பணியகம் 1946 முதல் இயங்குகிறது.

இலங்கையிலும் 1998 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் வழியே வீதிப் பாதுகாப்பு தொடர்பான தேசிய சபை அமைந்தது. மோதிவிட்டுத் தப்பியோடிய வாகனங்களால் பாதிக்கப்பட்டோருக்கு உதவும் நிதியம் அதனிடம் உண்டு. நல்ல முயற்சி. ஆயினும் வாகனம் அடையாளம் காணப்பட்டு, காப்புறுதியும் இருக்கும் சாதாரண வழக்கில், பாதிக்கப்பட்டவர் இன்னும் மாவட்ட நீதிமன்றத்துக்கே போக வேண்டும். தவறை நிரூபிக்க வேண்டும். ஏழு நாள் அறிவித்தலை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

சட்டம் மாறும்வரை அறிந்திருக்க வேண்டியவற்றை அறிந்திருப்போம். விபத்து நேர்ந்ததும் வாகன இலக்கத்தோடு காப்புறுதி நிறுவனத்தின் பெயரையும் சான்றிதழ் இலக்கத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியையும் வைத்தியசாலைச் சீட்டுகளையும் பத்திரப்படுத்த வேண்டும். சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு நெல் விற்ற பற்றுச்சீட்டும், மீனவர் சங்கக் கணக்கும், வங்கிப் புத்தகமும், கிராம உத்தியோகத்தரின் கடிதமும் வருமானத்தைக் காட்ட உதவும். பொலிஸ் வழக்குக்காகக் காத்திருக்காமல் இரண்டு ஆண்டுகளுக்குள் சட்டத்தரணியை நாட வேண்டும்; நிறுவனத்துக்கு அறிவித்தல் அனுப்பப்பட்டதா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். சமாதானப் பத்திரத்தில் கையொப்பமிடுமுன், காப்புறுதி நிறுவனம் இதற்கு என்ன சொல்கிறது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்க வைக்க வேண்டும்.

வெளிநாடுகளில் வாழும் நம்மவர்கள் கார் வாங்கும்போது பொறுப்புக் காப்புறுதியின் எல்லையை முதலில் பார்க்கிறார்கள். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் அதன் குறைந்தபட்ச எல்லை 2 இலட்சம் டொலர். பலர் 10 இலட்சத்துக்கோ அதற்கு மேலோ எடுக்கிறார்கள். அதே நண்பர்கள் ஊரிலுள்ள தம்பிக்கும் மருமகனுக்கும் மோட்டார் சைக்கிள் வாங்கப் பணம் அனுப்பும்போது, அதன் காப்புறுதியைப் பற்றி ஒரு வார்த்தை விசாரித்தால் நல்லது. அந்தச் சிறிய காகிதம் தம்பிக்காக மட்டும் எழுதப்பட்டதன்று. மாலை மங்கிய வேளையில் மண்முனைப் பாலத்தை நடந்து கடக்கும், தம்பிக்கு முன்பின் அறிமுகமில்லாத ஒருவருக்காகவும் எழுதப்பட்டது.